பெயரும் கேட்போரும்: ஜப்பானிய மங்காவில் தன்பால் காதல் வகைமைகளை ரசிகர்கள் வரையறுக்கும் முறை

ஆய்வுச்சுருக்கம்

ஜப்பானியப் படக்கதைகளான மங்காவில் தன்பால் காதலைப் பொருளாகக் கொண்டவை ஷோனென்-ஐ, ஜூன், யாவோய், பாய்ஸ் லவ் (பி.எல்.), பாரா, யூரி முதலிய பெயர்களால் வழங்கப்படுகின்றன. பாலியல் காட்சிகள் எந்த அளவுக்கு வெளிப்படையாக அமைகின்றன என்பதே இப்பெயர்களை வேறுபடுத்துகிறது என்னும் விளக்கம் ஜப்பானுக்கு வெளியே பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. இப்பெயர்கள் தோன்றி வழங்கிய சூழல்களை ஆராயும் இக்கட்டுரை, அவை கதையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் யார் யாருக்கு எவ்விடத்தில் சொல்கிறார் என்பதையே முதன்மையாகச் சுட்டுகின்றன என வாதிடுகிறது. அத்துடன், ரசிகர்கள் இடும் எல்லைகள் தற்காப்பாக அமையும் அதே வேளையில், கதையில் சித்திரிக்கப்படும் மனிதர்களை எல்லைக்கு வெளியே நிறுத்தவும் கூடும் என்பதை 1992-ஆம் ஆண்டின் யாவோய் விவாதத்தின் வழி எடுத்துக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மங்கா, வகைமை, யாவோய், பாய்ஸ் லவ், யூரி, ரசிகர் பண்பாடு, கேட்போர்

முன்னுரை

ஓர் இலக்கிய வகைமைக்கு வரையறை வகுப்பவர் யார்? புலவரும் உரையாசிரியரும் வகுத்தனர் என்பது நமக்குப் பழகிய விடை. ஜப்பானிய மங்காவில் தன்பால் காதல் வகைமைகளின் வரலாறு இதற்கு மாறாக உள்ளது. இங்குப் பெயரிட்டவர்களும், அப்பெயர்களைப் பிரித்தவர்களும், பிரித்ததை மறுத்தவர்களும் பெரும்பாலும் வாசகர்களே. அவ்வாசகர்களுள் பலர் படைப்பாளிகளாகவும் இருந்தனர். ஆய்வாளர்கள் பின்னர் வந்து அப்பெயர்களைத் தொகுத்தனர். வெல்க்கர், மெக்லெலண்ட், நகாயிக்கே, சுகனுமா ஆகியோர் பதிப்பித்து 2015-இல் வெளிவந்த ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பும், அதே ஆண்டில் மிசோகுச்சி அகிக்கோ ஜப்பானிய மொழியில் எழுதிய ‘பி.எல். பரிணாமக் கோட்பாடு’ என்னும் நூலும் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா குறுகியது. ஒரு ரசிகர் ‘இது பி.எல். அன்று, யாவோய்’ என்றோ, ‘இது யூரி அன்று, வெறும் நட்பு’ என்றோ கூறும்போது உண்மையில் எதனை வேறுபடுத்துகிறார்? இவ்வினாவை அணுகுவதற்குத் தொல்காப்பியச் செய்யுளியலிலிருந்து ஒரு கருவி எடுத்துக்கொள்ளப்படுகிறது. அங்கே செய்யுளின் உறுப்புகளாக எண்ணப்படும் முப்பத்து நான்கனுள் திணை மட்டுமன்றிக் கூற்று, கேட்போர், களம், முன்னம் ஆகியனவும் இடம்பெறுகின்றன. பொருள் ஒன்றாகவே இருந்தாலும், சொல்பவரும் கேட்பவரும் மாறினால் செய்யுள் மாறும் என்னும் தெளிவு அதில் உள்ளது. தொல்காப்பியம் குறிக்கும் கேட்போர் செய்யுளுக்குள் நிற்கும் மாந்தர். இக்கட்டுரை அச்சொல்லை நூலுக்கு வெளியே நிற்கும் வாசகர்மேல் ஏற்றிப் பயன்படுத்துகிறது. இந்த வேறுபாடு மனத்திற்கொள்ளத்தக்கது. ஜப்பானியப் பெயர்கள் அந்நாட்டு மரபுப்படி குடும்பப் பெயரை முன்வைத்து எழுதப்பட்டுள்ளன.

1. அட்டவணை வரையறையும் அதன் இடர்ப்பாடும்

ஆங்கில மொழி ரசிகர்களிடையே 1990-களின் இறுதியிலிருந்து ஓர் அட்டவணை வழக்கில் உள்ளது. அதன்படி, மென்மையான ஆண்–ஆண் காதல் ஷோனென்-ஐ, உடலுறவை வெளிப்படையாகக் காட்டுவது யாவோய், மென்மையான பெண்–பெண் காதல் ஷோஜோ-ஐ, வெளிப்படையானது யூரி, ஆண்கள் ஆண்களுக்காக வரையும், கட்டுடல் ஆடவரைக் கொண்ட கதை பாரா. நினைவிற்கொள்ள எளிதான பகுப்பு இது. ஆயினும் ஜப்பானிய வழக்கோடு ஒப்பிட்டால் இதன் ஒவ்வொரு கட்டமும் இடறுகிறது.

ஷோனென்-ஐ வகையின் தலையாய படைப்புகளுள் ஒன்று தகேமியா கேய்க்கோவின் ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ (1976–1984). அது பாலியல் வன்முறையை நேரடியாகக் கையாளும் படைப்பு. அட்டவணையின் ‘மென்மை’ என்னும் அடைமொழிக்குள் அடங்காது. யூரி என்னும் சொல்லோ ஜப்பானில் ஏக்கம் நிறைந்த பார்வை முதல் மணவாழ்க்கை வரை அனைத்தையும் தழுவுகிறது. ஷோஜோ-ஐ என்பதற்கு ஜப்பானிய மொழியில் சிறுமியர்மேல் பெரியவர் கொள்ளும் இச்சை என்னும் பொருளே முன்நிற்கும்; பெண்–பெண் காதல் வகைமையின் பெயராக அது அங்கு வழங்கவில்லை. ஷோனென்-ஐ என்னும் சொல்லை ஒப்புமையாகக் கொண்டு வெளிநாட்டு ரசிகர்கள் ஆக்கிய பெயர் அது.

எனினும், இந்த அட்டவணையை வெறும் பிழை எனத் தள்ளிவிடுவது முறையன்று. ஜப்பானிய மொழி அறியாத, வயதில் இளைய வாசகர் பலர் ஒன்றுகூடிய இடத்தில், எதனுள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்க வேண்டிய தேவை இருந்தது. தரக்குறியீடாகப் பயன்படுவதற்கு அட்டவணை பொருத்தமாக இருந்தது. அவ்வாறு ஓரிடத்தில் ஒரு தேவைக்காக எழுந்த குறியீடு, அந்தத் தேவையின் நினைவு மறைந்தபின், ‘ஜப்பானிய மரபின் வரையறை’ என்னும் தகுதியைப் பெற்றுவிட்டதே இடர்ப்பாடு. ஆய்வாளர் அதனை அப்படியே எடுத்தாளும்போது, வெளிநாட்டு ரசிகரின் தேவையை ஜப்பானியப் படைப்பாளியின் நோக்கமாக எழுதிவிடுகிறார்.

2. ஷோனென்-ஐ முதல் ஜூன் வரை

பெண்கள் எழுதிய ஆண்–ஆண் காதல் கதைக்கு உரைநடை இலக்கியத்தில் முன்னோடி உண்டு. மோரி மாரியின் ‘காதலர் காடு’ 1961-இல் வெளிவந்தது. ஷோனென்-ஐ என்னும் சொல்லும் மங்காவுக்கு முற்பட்டதே. இனாகாகி தாருஹோ 1968-இல் எழுதிய ‘ஷோனென்-ஐயின் அழகியல்’ என்னும் நூலின் தலைப்பிலேயே அது உள்ளது. மங்காவில் இப்போக்கைத் தொடங்கிவைத்தவர்கள் ‘24-ஆம் ஆண்டுக் குழுவினர்’ என வழங்கப்படும் பெண் கலைஞர்கள். ஷோவா ஊழியின் 24-ஆம் ஆண்டாகிய 1949-ஐ ஒட்டிப் பிறந்தவர்கள் என்பதால் இப்பெயர் அமைந்தது. தகேமியா 1970-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட, பின்னர் ‘கதிரொளி அறையில்’ எனப் பெயர் மாற்றப்பட்ட சிறுகதையும், ஹாகியோ மோத்தோவின் ‘தோமாவின் இதயம்’ (1974) என்னும் தொடரும் இவ்வகையின் அடிக்கற்கள்.

இவை சிறுமியருக்கான இதழ்களில் வந்தன என்பதே இங்குக் கருதத்தக்கது. கதைமாந்தர் ஐரோப்பிய விடுதிப்பள்ளி மாணவர்; எழுதியவரும் படித்தவரும் ஜப்பானிய இளம்பெண்கள். கதைக்களம், கதைமாந்தரின் பால் ஆகிய இரண்டும் வாசகரிடமிருந்து வேண்டுமென்றே விலக்கி வைக்கப்பட்டுள்ளன. பெண்ணின் உடல்மேல் சமூகம் சுமத்தும் திருமணம், மகப்பேறு, கற்பு ஆகியவற்றின் சுமையின்றிக் காதலையும் வேட்கையையும் எண்ணிப்பார்க்க அந்த விலக்கம் இடந்தந்தது என்பது ஆய்வாளர் பலரும் உடன்படும் கருத்து.

1978-இல் தொடங்கி, அடுத்த ஆண்டு ‘ஜூன்’ எனப் பெயர் மாறிய இதழ் இவ்வாசகர்களுக்கு ஓர் இல்லமாயிற்று. தகேமியா அதில் ஓவியப் பயிற்சிப் பகுதியையும், நகாஜிமா அசுசா சிறுகதைப் பயிற்சிப் பகுதியையும் நடத்தினர். வாசகரை எழுத்தாளராக்கும் பள்ளியாகவே அவ்விதழ் இயங்கியது. அழகில் தோய்தல் எனப் பொருள்படும் ‘தான்பி’ என்னும் சொல்லும் இவ்வட்டத்தில் வழங்கியது. சீன மொழியில் இவ்வகைக் கதைகளுக்கு வழங்கும் ‘தான்மெய்’ என்னும் பெயர் அதே எழுத்துகளின் சீன ஒலிப்பே. இதழின் பெயரே வகைமைப் பெயராயிற்று. இதழ் நின்ற பின்னும், தோக்கியோவில் நடைபெறும் ‘காமிக் மார்க்கெட்’ என்னும் பெருஞ்சந்தையில் பிறர் கதையைத் தழுவாத ஆண்–ஆண் காதல் படைப்புகளுக்கான பிரிவுப் பெயராக ‘ஜூன்’ நெடுங்காலம் நீடித்தது. உள்ளடக்கத்தை விளக்காத, ஒரு வாசகர் வட்டத்தை மட்டுமே நினைவூட்டும் பெயர் இவ்வளவு காலம் பயன்பட்டது என்பது பெயரின் பணி யாது என்பதைக் காட்டுகிறது.

3. யாவோய்: இன்மையால் அமைந்த பெயர்

காமிக் மார்க்கெட் 1975-ஆம் ஆண்டு டிசம்பரில் 32 குழுக்களுடனும் ஏறத்தாழ 700 வருகையாளர்களுடனும் தொடங்கியது. ரசிகர்கள் தம் செலவில் அச்சிடும் தோஜின்ஷி எனப்படும் இதழ்களை விற்கும் களம் அது. அக்கால ரசிகர் குழுக்களுள் சகாத்தா யாசுக்கோ, ஹாட்சு அகிக்கோ ஆகியோர் சார்ந்த குழு ஒன்றிலிருந்து 1970-களின் இறுதியில் ‘யாவோய்’ என்னும் சொல் பிறந்தது. உச்சம் இல்லை, முடிப்பு இல்லை, பொருள் இல்லை என்னும் மூன்று ஜப்பானியத் தொடர்களின் முதலொலிகளைச் சேர்த்து அமைந்த சொல் அது. தொடக்கத்தில் ஆண்–ஆண் காதலைக் குறிப்பதைவிட, கதைக்கட்டு இல்லாத தம் படைப்புகளைத் தாமே எள்ளும் நகைச்சொல்லாகவே அது இருந்தது.

1980-களின் நடுப்பகுதியில் ‘கேப்டன் சுபாசா’ என்னும் கால்பந்து மங்காவின் மாந்தரைக் காதலராக்கி வரைந்த தோஜின்ஷிகள் பெருகியபோது, யாவோய் அவற்றின் பெயராக நிலைபெற்றது. மூலக்கதை சிறுவர் இதழில் வந்தது. நட்பும் போட்டியும் அதன் பொருள். பெண் ரசிகர்கள் அந்நட்பினுள் மறைந்திருப்பதாகத் தாம் கண்ட எச்சத்தை வரைந்தனர். உச்சமும் முடிப்பும் மூலக்கதையிலேயே இருப்பதால், தழுவலில் அவை வேண்டப்படவில்லை. எனவே ‘இல்லை’ என்னும் மூன்று மறுப்புகளும் வெறும் தன்னடக்கமல்ல. தழுவல் படைப்பின் அமைப்பை ஓரளவு சரியாகவே விவரிக்கின்றன.

ஆயினும் இன்மையால் பெயர் சூட்டிக்கொள்வதில் ஒரு காப்பும் உண்டு. பொருளே இல்லை என்று முன்னரே ஒப்புக்கொண்ட படைப்பிடம் யாரும் பொருள் கேட்க முடியாது. இலக்கியத் தகுதி கோராதவரை இலக்கிய அளவுகோலால் அளக்க முடியாது. காமத்தைப் பற்றி எழுதும் பெண்மேல் சமூகம் சுமத்தும் நாணத்தை, அவள் தானே ஒரு சிரிப்பால் முந்திக்கொள்கிறாள். ஏறத்தாழ 2000-ஆம் ஆண்டையொட்டி வழக்கிற்கு வந்த ‘ஃபுஜோஷி’ என்னும் சொல்லும் இவ்வகையதே. ‘பெண்டிர்’ என்னும் பொருளுடைய சொல்லின் முதலெழுத்தை அதே ஒலியுடைய ‘அழுகிய’ என்னும் எழுத்தாக மாற்றி அமைத்தது அது. அதனை ஒட்டி ஆண் வாசகருக்கு ‘ஃபுடான்ஷி’ என்னும் சொல் எழுந்தது.

4. பி.எல்.: வணிகம் தந்த குடைப்பெயர்

தோஜின்ஷி வரைந்தவர்கள் தொழில்முறைக் கலைஞர்களாயினர். ‘கேப்டன் சுபாசா’ தழுவல்களால் அறியப்பட்ட ஒசாக்கி மினாமி, 1989-இல் ‘செட்சுவாய்’ என்னும் சொந்தத் தொடரைச் சிறுமியர் இதழ் ஒன்றில் தொடங்கினார். 1990-களில் இவ்வாசகர்களுக்கென்றே இதழ்கள் பல தோன்றின. அவ்விதழ்களின் வழி ‘பாய்ஸ் லவ்’ என்னும் ஆங்கிலத் தொடரும், அதன் சுருக்கமான பி.எல். என்பதும் பரவின. ஆங்கிலச் சொற்களால் ஆகியும் ஜப்பானில் உருவான தொடர் இது.

இப்பெயர் முந்தியவற்றிலிருந்து இரண்டு வகையில் வேறுபடுகிறது. ஒன்று, இதில் தன்னெள்ளல் இல்லை. கடையில் கேட்டு வாங்கத்தக்க, அலமாரியில் ஒட்டத்தக்க பெயர் இது. மற்றொன்று, இது பதிப்புக்களத்தைச் சார்ந்தது. யோஷிநாகா ஃபுமியின் ‘நேற்று என்ன சாப்பிட்டாய்?’ ஒன்றாக வாழும் நடுவயது ஆடவர் இருவரின் வாழ்க்கையை அவர்களின் சமையலின் வழி விரிக்கும் தொடர். 2007 முதல் அது வெளிவருவது வயதுவந்த ஆண் வாசகருக்கான வார இதழில். கதைப்பொருளை மட்டும் நோக்கினால் அது பி.எல். ஆகலாம், பதிப்புக்களத்தை நோக்கினால் ஆகாது. அவ்வாறே யோஷிதா அகிமியின் ‘பனானா ஃபிஷ்’ (1985–1994) சிறுமியர் இதழில் வந்தது. அதன் இரு தலைமாந்தரின் பிணைப்பைப் பெயரிட்டுச் சொல்லாமலே கதை முடிகிறது. இத்தகைய படைப்புகளுக்கு ரசிகர்கள் ‘நியோய்-கெய்’, அதாவது மணம் வீசும் வகை என்னும் பெயரை வைத்துள்ளனர். மலர் கண்ணில் படவில்லை. மணம் மட்டும் வருகிறது. படைப்பாளி சொல்லாததை வாசகர் உணர்ந்தார் என்பதையும், அது வாசகரின் உணர்வே என்பதையும் ஒருங்கே ஒப்புக்கொள்ளும் நுண்மையான வகைப்பெயர் இது.

5. வரிசைக் குறியும் வாழிடப் பிரிப்பும்

ரசிகர்களின் வகைப்பாடு பெருவகைகளோடு நிற்பதில்லை. உறவில் முன்னெடுப்பவர் ‘செமே’, ஏற்பவர் ‘உகே’. தாக்குதல், ஏற்றல் என்னும் பொருளுடைய இச்சொற்கள் போர்க்கலை வழக்கிலும் உள்ளவை. ஓர் இணையைப் பெருக்கல் குறியிட்டு எழுதும்போது செமேயின் பெயர் முன்னும் உகேயின் பெயர் பின்னும் நிற்கும். எனவே கணக்கில் ஒன்றான அ×ஆ என்பதும் ஆ×அ என்பதும் ரசிகர் உலகில் இரு வேறு வகைமைகள். ஒன்றை விரும்புபவர் மற்றொன்றைக் காணவும் பொறுக்காதிருக்கலாம். அத்தகைய ஒவ்வாமையைக் கண்ணிவெடி என்னும் பொருளுடைய ‘ஜிராய்’ என்னும் சொல்லால் குறிப்பர்.

இந்த நுண்பகுப்பை மிகை என நகைப்பது எளிது. அதன் பின்னுள்ள ஒழுகலாறு கவனிக்கத்தக்கது. ‘சுமிவாக்கே’, அதாவது வாழிடத்தைப் பிரித்து வாழ்தல் என்னும் கொள்கையை ரசிகர்கள் பேணுகின்றனர். ஒருவர் விருப்பம் மற்றவர் மனத்தைப் புண்படுத்தாதபடி ஒவ்வொன்றையும் பெயரிட்டு அதனதன் இடத்தில் வைத்தல் என்பது இதன் பொருள். இதன் மறுபக்கம் ‘கென்சாகு-யோக்கே’, தேடலுக்கு அகப்படாமை. மூலப்படைப்பாளரோ பிற வாசகரோ தற்செயலாக வந்து காணாதிருக்கும்படி, பெயர்களைச் சிதைத்தும் மாற்றெழுத்திலும் எழுதுதல் அது. 8, 0, 1 ஆகிய எண்களின் ஒலிகளைக் கூட்டி யாவோயை 801 எனக் குறிப்பதும் இத்தகைய குழூஉக்குறியே. ஆகவே ஒரே வகைப்பெயர் உள்ளிருப்பாருக்கு வழிகாட்டியாகவும் வெளியிலிருப்பாருக்குத் திரையாகவும் செயல்படுகிறது. உள்ளடக்கத்தைத் தெரிவிப்பதே பெயரின் ஒரே பணியாயின், மறைப்பதற்கென்று ஒரு பெயர் தோன்றியிருக்காது.

6. ரோஜாவும் அல்லியும்: பிறர் இட்ட பெயர்கள்

இதுவரை கண்டவை பெரும்பாலும் வாசகர் தமக்குத் தாமே இட்ட பெயர்கள். பாராவும் யூரியும் அவ்வாறு அல்ல. பாரா என்பது ரோஜா. யூரி என்பது அல்லி இனத்து மலர். இத்தோ புங்காகு 1971-இல் தொடங்கிய ‘பாராசோக்கு’ (ரோஜாக் குலத்தார்) ஜப்பானில் தன்பாலீர்ப்பு ஆண்களுக்கென வெளிவந்த முதல் வணிக இதழ். அவரே 1976-இல், அவ்விதழுக்கு எழுதும் பெண் வாசகருக்கென ஒரு பகுதி ஒதுக்கி, ‘யூரிசோக்கு’ (அல்லிக் குலத்தார்) என்னும் பெயரை வழங்கினார். இத்தோ தன்பாலீர்ப்பாளர் அல்லர். இரு குலங்களுக்கும் பெயர் சூட்டியவர் அக்குலங்களுக்கு வெளியே நின்ற ஒரே பதிப்பாசிரியர்.

பாராவின் பின்வரலாறு வியப்புக்குரியது. ஜப்பானில் தன்பாலீர்ப்பு ஆண்கள் தமக்காக வரையும் படைப்புகள் ‘கேய் காமிக்’ அல்லது ‘கேய் மங்கா’ எனப்படுகின்றன. பாரா என்பது பழைய, சற்று இழிவு தொனிக்கும் சொல்லாயிற்று. வெளிநாட்டு ரசிகர்களோ அதனைக் கட்டுடல் ஆடவர் கதைகளுக்கு வகைப்பெயராக்கினர். இவ்வகையின் தலைசிறந்த கலைஞராகிய தகாமே கெங்கொரோ தம் படைப்புகளை அப்பெயரால் சுட்டுவதை விரும்புவதில்லை. பி.எல். கதையையும் கேய் மங்காவையும் உடலமைப்பைக் கொண்டு பிரிக்கும் வழக்கமும் நிலையற்றது. கட்டுடல் ஆடவரை வரையும் பி.எல். கலைஞர்கள் உள்ளனர். தகாமேயே 2014 முதல் 2017 வரை பொதுவாசகருக்கான மாத இதழில் ‘தம்பியின் கணவன்’ என்னும் குடும்பக் கதையை எழுதினார். அதே கை, அதே கோடு. கேட்போர் மாறியதும் வகைமையும் மாறிற்று.

யூரியின் சிக்கல் வேறு. அதன் வேர் யோஷியா நொபுக்கோவின் ‘மலர்க் கதைகள்’ (1916 முதல்) போன்ற, மாணவியரின் ஆழ்ந்த பிணைப்பைப் பேசும் ‘எஸ்’ வகைக் கதைகளில் உள்ளது. பள்ளிப் பருவத்தோடு முடிந்துவிடும் என்னும் எதிர்பார்ப்பே அப்பிணைப்பைச் சமூகம் பொறுத்துக்கொள்ளச் செய்தது. மங்காவில் யாமகிஷி ரியோக்கோ 1971-இல் வெளியிட்ட ‘வெள்ளை அறையில் இருவர்’ முன்னோடியாகச் சுட்டப்படுகிறது. 2003-இல் ‘யூரி ஷிமாய்’ என்னும் தனியிதழும், 2005-இல் ‘காமிக் யூரி ஹிமே’யும் தோன்றின. பின்னதன் பதிப்பகம் 2007-இல் ஆண் வாசகரை நோக்கி ஒரு துணையிதழையும் வெளியிட்டது. ஆண்களை முதன்மை வாசகராகக் கொண்ட இதழில் நகாத்தானி நியோவின் ‘நாளடைவில் நீயாவேன்’ (2015–2019) போன்ற தொடர்களும் வந்தன. இவ்வாறு கேட்போர் கலந்தவராகவே இருப்பதால், வாசகரைக் கொண்டு யூரியை வரையறுக்க இயலவில்லை. ஆகவே இங்கு எல்லைப்பூசல் உறவின் அளவை நோக்கித் திரும்புகிறது: நட்பு எங்கே முடிகிறது, காதல் எங்கே தொடங்குகிறது? அது பருவத்தின் மயக்கமா, வாழ்வின் தெரிவா? தன்பாலீர்ப்புப் பெண்களுக்கு இவ்வினா வகைமை பற்றியது மட்டுமன்று. அவர்களது காதலை நட்பு என்று பெயர்மாற்றிப் பழகிய சமூகத்தில், ஒரு கதையை யூரி என்று அழைப்பதே ஓர் ஏற்பாகிறது.

இக்கட்டுரையின் கருதுகோளுக்கு எல்லை வகுப்பதும் யூரியே. கேட்போர் தெளிவாக ஒருமுகப்பட்டுள்ள இடத்தில் வகைப்பெயர் கேட்போரைச் சுட்டுகிறது. அவர் பலதிறத்தராகும்போது பெயர் மீண்டும் பொருளை நோக்கிச் செல்கிறது.

7. சித்திரிக்கப்பட்டவர் கேட்கும்போது: 1992-ஆம் ஆண்டு விவாதம்

1992-இல் ‘ஷுவாசீர்’ என்னும் பெண்ணியச் சிற்றிதழில் சாத்தோ மசாக்கி என்னும் தன்பாலீர்ப்பு ஆடவர் யாவோயைக் கடுமையாகச் சாடி எழுதினார். யாவோய் தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்வை எடுத்துக்கொண்டு, அழகரை மட்டும் போற்றி, உண்மையில் வாழும் மனிதர்களைப் பொருட்படுத்துவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். அதனைத் தொடர்ந்து எழுந்த மறுப்புகளும் ஏற்புகளும் பல ஆண்டுகள் நீண்டன. இது ‘யாவோய் விவாதம்’ என வழங்குகிறது.

மறுப்புகளுள் ஒரு வகையானவை நேரடியாக வரையறையைச் சார்ந்தவை. யாவோய் தன்பாலீர்ப்பு ஆண்களைப் பற்றியதே அன்று. அது பெண்களின் கற்பனை, பெண்கள் பெண்களுக்குச் சொல்வது என்பது அவ்விடை. கேட்போரைக் கொண்டு வரையறுக்கும் முறை இங்கு அதன் முழு வலிமையோடும் முழு வலுவின்மையோடும் வெளிப்படுகிறது. தமக்கென ஓர் இடம் வேண்டிய பெண்களுக்கு இவ்வரையறை உண்மையானதே. ஆனால் கதையின் உருவில் தன்னைக் கண்ட ஒருவர் வந்து நிற்கும்போது, ‘இது உம்மைப் பற்றியதன்று; உமக்குச் சொன்னதும் அன்று’ என்பது விடையாகாது. அது வாயிலை அடைப்பது. கதைமாந்தன் ‘நான் தன்பாலீர்ப்பாளன் அல்லன், உன்னை மட்டுமே காதலிக்கிறேன்’ என்னும் பொருள்படப் பேசுவது இவ்வகைக் கதைகளில் பழகிய கூற்று. வகைமையின் எல்லையில் ரசிகர் சொன்ன மறுப்பையே கதைக்குள் மாந்தனும் சொல்கிறான் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

விவாதம் வீண்போகவில்லை. தன்பாலீர்ப்பின்மேல் சமூகம் கொண்ட வெறுப்பைக் கேள்விக்குட்படுத்தி, அவ்வெறுப்புக் குறைந்த ஓர் உலகை முன்கூட்டியே எண்ணிக்காட்டும் பி.எல். படைப்புகள் பின்னர் பெருகின என்பதை மிசோகுச்சி விரிவாக நிறுவுகிறார். அவரே தன்பாலீர்ப்புப் பெண் என்பதும், இவ்வகைக் கதைகளே தம்மை ஆளாக்கின எனக் கருதுபவர் என்பதும் அவர் ஆய்வுக்குத் தனி எடையைத் தருகின்றன. யார் கேட்போர் என்னும் எல்லை விரிந்தபோது, கதை சொல்லும் முறையும் மாறியது.

8. வரையறை அதிகாரத்தின் கைக்குச் செல்லும்போது: சாகாய் நூலகம்

ரசிகர்கள் தமக்குள் வழங்கிய பெயரை அரசு நிறுவனம் ஒன்று கையிலெடுத்த நிகழ்வு 2008-இல் ஓசாக்கா மாநிலத்தின் சாகாய் நகரில் நடந்தது. நகர நூலகங்களில் பி.எல். நூல்கள் இருப்பதற்கு எதிராக முறையீடு எழுந்தது. நூலகம் 5,499 நூல்களைத் திறந்த அடுக்குகளிலிருந்து அகற்றி, 18 வயது நிரம்பாதவர்க்கு அவற்றை வழங்குவதையும் நிறுத்தியது. எதிர்ப்புக் கிளம்பவே, அவ்வாண்டு முடிவதற்குள் அம்முடிவு தளர்த்தப்பட்டது. இவை பெரும்பாலும் நாவல்கள், மங்கா அல்ல. ஆயினும் வகைப்பெயர் ஒன்றே.

5,499 என எண்ணிச் சொல்வதற்கு முன்னர், எது பி.எல். என்பதை ஒருவர் முடிவுசெய்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக ரசிகர்கள் தமக்குள் பேசியும் பூசலிட்டும் தீராத எல்லை, அங்கே ஒரு பட்டியலாக முடிந்தது. ஒருவரையொருவர் புண்படுத்தாதிருக்க வகுத்த பெயர், ஒட்டுமொத்தமாக அகற்றுவதற்கான கைப்பிடியாயிற்று. ஆண்–பெண் காதல் நூல்களை இவ்வாறு ஒரே பெயரின்கீழ் எண்ணி அகற்ற யாரும் முற்படுவதில்லை; அவற்றுக்கு அத்தகைய தனிப்பெயர் தேவைப்பட்டதும் இல்லை. தன்பால் காதலுக்கு மட்டும் இத்தனை பெயர்கள் ஏன் என்னும் வினாவுக்கு ஒரு விடை இங்கே கிடைக்கிறது. இயல்பெனக் கருதப்படுவது பெயரின்றி உலவும். விலக்கப்பட்டது பெயர் சூடியே வெளிவர வேண்டும்.

முடிவுரை

ஷோனென்-ஐ, ஜூன், யாவோய், பி.எல். ஆகியவை ஒரே பொருளின் வெவ்வேறு அளவுகள் அல்ல. அவை வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு களங்களில், சொல்வோரும் கேட்போரும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகள். பாராவும் யூரியும் வெளியிலிருந்து இடப்பட்ட பெயர்கள். அவற்றுள் ஒன்றைச் சார்ந்தோர் உதறினர், மற்றொன்றைத் தமதாக்கிக்கொண்டனர். வெளிப்படையின் அளவைக் கொண்ட அட்டவணை இவ்வரலாற்றை மறைத்துவிடுகிறது.

தமிழில் இத்துறையைப் பற்றி எழுதுவோர்க்கு இதிலிருந்து நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. ஷோனென்-ஐ என்பதைச் ‘சிறுவர் காதல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அப்பெயரின் கேட்போராகிய இளம்பெண்கள் மறைந்து, குற்றத்தின் சாயல் மட்டும் எஞ்சும். யாவோயை ‘பொருளற்றது’ எனப் பெயர்த்தால், அதைச் சொல்லிச் சிரித்த பெண்ணின் குரல் கேட்காது. எனவே இப்பெயர்களை ஒலிபெயர்ப்பாகவே ஆள்வதும், ஒவ்வொன்றையும் அது வழங்கிய காலத்தோடும் களத்தோடும் சேர்த்துச் சுட்டுவதும் தக்கன. ரசிகரின் வரையறையைத் தரவாக மதிக்க வேண்டும். தீர்ப்பாக ஏற்க வேண்டியதில்லை. அவ்வரையறை யாருக்கு இடந்தருகிறது என்பதோடு, யாரை வாயிலில் நிறுத்துகிறது என்பதையும் சேர்த்துக் கேட்பதே திறனாய்வின் கடன்.